முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது

சாஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்துநான்கு.
கார்களையெல்லாம் மின்வயரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்,
கன்றுகளைப் போல.
நானோ மஞ்சள் அறைக்குள்:
வேறு வெளிச்சம் பட்டால் பசை இறுகிவிடும் என்பதால்
சுவரும் கையுறையும் என் மூச்சும்கூட மஞ்சள்.
ஜூலையில் ஊரைச் சுற்றிக் கனோலா பூக்கும்போது
இந்த அறைதான் வெளியே போய்விட்டதென்று தோன்றும்.

ரோடா ஃபெர் கேட்டது நானூறு மகரந்த மணிகள்.
சூரியகாந்தியுடையதுபோல் உடம்பெல்லாம் முள்;
ஆனால் முள்ளின் நீளம் அவள் சொல்வது, பூ சொல்வதல்ல.
"இலைவெட்டித் தேனீ தன் வயிற்று மயிரில்
எதைப் பிடித்துவைக்கிறது, எதை விடுகிறது,
எனக்கு அது தெரியவேண்டும்."
அவளுடைய தேனீக்கள் குளிர்பெட்டியில் உறங்குகின்றன.
ஐந்து டிகிரி.
தெருவோடு ஒப்பிட்டால் அங்கே கோடை.

கண்ணாடிச் சில்லில் ஒரு துளி பசை.
கண்ணுக்கு எட்டாத சிவப்பில் லேசர் அதற்குள் எழுதுகிறது.
இரண்டு ஒளித்துகள் ஒரே கணத்தில்
ஒரே இடத்துக்கு வந்தால்தான் அந்த இடம் கெட்டியாகும்.
தனியாக வந்தது
பூட்டிய வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல்
சத்தமில்லாமல் கடந்துபோகும்.
இப்படியே அடுக்கின்மேல் அடுக்காய், இம்மி பிசகாமல்.
இம்மி என்றது பழக்கதோஷம்.
எள்ளளவு என்று எழுதினாலோ, எள் இங்கே ஒரு குன்று,
ஏறி இறங்க ஒருநாள் பிடிக்கும்.
விரல், நெல், எள், ஐயவி என்று
எட்டெட்டாய் இறங்கும் அந்தப் பழைய ஏணியில்
கீழே எங்கோ ஒரு படியில்
நான் சம்பளத்துக்கு நிற்கிறேன்.

விடிகாலை மூன்றுக்குக் காலேஜ் டிரைவில்
பனிவாரி வண்டி போனது.
அதிர்வே ஏறாத மேசை என்றுதான் விற்றவன் சொன்னான்.
நூற்றுப்பன்னிரண்டாவது மணி
இடுப்பில் விலகி நின்றது,
அவசரத்தில் பித்தான் மாற்றிப் போட்ட சட்டை.
எறிய மனம் வரவில்லை. கணக்கில் சேர்த்தேன்.

கழுவுவது எளிது. உலர்த்துவதுதான் கொலை.
ஈரம் போகிறபோது முட்களையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும்.
முதல் தட்டு முழுக்க நனைந்த பூனைகள்.
மறுபடி அத்தனையும் அச்சிட்டு
இரண்டாம் தட்டை
அழுத்தத்தில் அடைத்த கரியமிலவாயுவுக்குக் கொடுத்தேன்:
நீர்மமும் அல்ல ஆவியும் அல்ல என்கிற நிலையில்
தான் போவது தனக்கே தெரியாமல்
ஈரம் போகவேண்டும்.
(நூற்றுப்பன்னிரண்டுக்கு அதே விலகல்.
அதே வண்டி, அதே மூன்று மணி.)
மூடியைத் திறந்தேன். முள் அத்தனையும் நின்றது.
நான் போட்ட கூச்சல் முகமூடிக்குள்ளேயே சுற்றி
என் காதுக்கு வந்தது.

பெயர்த்தெடுக்க எந்த இடுக்கியும் உதவாது.
என் இமைமயிர் ஒன்றைப் பிடுங்கிப் பல்குச்சியில் ஒட்டினேன்.
லட்சம் லட்சமாய் டாலர் விழுங்கிய இயந்திரம் செய்ததை
கடைசியில் தூக்கியது அது.
ஸ்வெட்டரைக் கழற்றினாலே பொறி பறக்கும் வறண்ட ஊர்.
முந்நூற்றெழுபதோ எழுபத்தொன்றோ,
மயிர் அருகே போனதும்
துள்ளியது.
எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.
அன்று வீட்டுக்கு வந்து
கண்ணைக் கசக்கவே பயமாக இருந்தது.

ரோடா இருமுறை எண்ணினாள். ஒன்று குறைகிறது.
படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது,
அதில் மட்டும் நானூறாயிரம் மணிகள் கொள்ளும்.
வெறுமையாய் விட்டுக் கையெழுத்திட்டேன்.

மார்ச்சில் அவள் ஒரு படம் அனுப்பினாள்.
தேனீ பின்னங்காலால் வாரி வாரி
எல்லாவற்றையும் உதிர்த்த பிறகும்
வயிற்றில் ஒன்று கொளுவி நின்றது:
இடுப்பு விலகிய அதே மணி.
கீழே ஒரே வரி. "இதேபோல் நானூறு."

பனிவாரிகள் பணிமனைக்குத் திரும்பிவிட்டன.
ஆற்றில் பனிக்கட்டி உடையும் சத்தம்.
திரையில் ஒரு மணியை வரைந்து
நடுவில் வெட்டி, பாதியைக் கொஞ்சம் தள்ளுகிறேன்;
இன்னும் கொஞ்சம். இல்லை, அதிகம்.
ஒரு வண்டி எவ்வளவு தள்ளும்?
கோப்புக்குப் பெயர் கேட்கிறது கணினி.
பனிவாரி, மூன்று மணி.