பனி தள்ளும் லாரிக்குப் பின்னால்

மாமாவின் படகை விற்ற பணம்
இருவருக்கும் சரிபாதியாக வந்தது.
தோர்ஹில்டும் தம்பி ஆஸ்முன்டும்
ஒரே மேசையில், ஒரே செவ்வாய்க்கிழமை,
ஒரே கம்பெனியின் பங்குகளை வாங்கினார்கள்.
‘பெட்ரோல் இல்லாமல் கார் ஓடுமாம், ஓடட்டுமே.’
அன்றைய ஆராய்ச்சி அவ்வளவுதான்.

ஆறு வருடம் கழித்து
அவள் அத்தனையையும் விற்று
அதே கம்பெனியின் காரை வாங்கினாள்.
வெள்ளை நிறம்.
ஹம்மர்ஃபெஸ்டில் வெள்ளைக் கார் வாங்குவது
கடலுக்குப் போய் உப்பு வாங்குவது மாதிரி என்றான் தம்பி.

அவன் விற்கவில்லை.
துருப்பிடித்த டீசல் பிக்கப்பை
உதைத்துக் கிளப்பிக்கொண்டே
காகிதத்தில் கோடீஸ்வரன் ஆனான்.

அவளுக்கு வேலை எரிவாயுத் தீவில், சம்பளப் பிரிவில்.
கடலுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில்
சத்தமில்லாமல் நுழைந்து
வானத்தில் எரியும் சுடருக்குக் கீழே காரை நிறுத்துவாள்.
இது என்ன முரண் என்று யாராவது ஆரம்பித்தால்
‘சம்பளம் ஒருநாள் தாமதமாகட்டும், பேசலாம்’ என்பாள்.

மே மாதத்தில் துருவ மான்கள் ஊருக்குள் வரும்.
கடற்காற்று கதவில் பூசிய உப்பை
நிதானமாக நக்கிவிட்டுப் போகும்.
அந்த நாக்குகளுக்கு
அது எவ்வளவு விலையுயர்ந்த கதவு என்று தெரியாது.

அவளுக்குத் தெரியும்.
வருடத்துக்கு ஒருமுறை,
புத்தாண்டு வெடிகளுக்குச் சற்று முன்னால்,
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
விற்ற பங்குகளை அன்றைய விலையால் பெருக்குவாள்.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.
விற்றவள் கணக்குப் பார்த்தால்
உறக்கம் மிஞ்சாது.
இந்த வருட விடை: பதினாறு கார்கள்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி.
மருத்துவர் இருப்பதோ ஆல்டாவில்.
பிக்கப் கிளம்ப மறுத்தது.
‘நம்ம கம்பெனி சீட் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று
கன்னத்தைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்தான்.
‘நம்ம’ என்ற சொல்லுக்கு
அவள் வைப்பரை ஒருமுறை கூடுதலாக ஓட்டினாள்.

ஸ்கைதியில் தடுப்புக் கட்டை.
மேட்டுநிலத்தில் புயல், சாலை மூடியிருந்தது.
சார்ஜர் கம்பத்தில் காரை மாட்டிவிட்டுக்
காத்திருந்தார்கள், மூன்று மணி நேரம்.
அவள் போனில் ஒரு சதவீதம், பேட்டரி.
அவன் போனில் ஒரு சதவீதம், பங்கு.
அவளுடையது ஏறியது.
அவனுடையது இறங்கிக்கொண்டே இருந்தது.
‘ஒன்றே ஒன்று விற்றால் பல்லுக்குக் காணும்’ என்றாள்.
விரலைத் திரைக்கு மேலே கொண்டுபோனான்.
அந்தரத்தில் வைத்திருந்தான்.
பதினோரு வருடமாக ஒன்றையும் விற்காத விரல்,
நகத்தில் டீசல் கறுப்பு.
‘நாளைக்கு ஏறும்’ என்று
போனைக் கவிழ்த்து வைத்தான்.
கடையில் வாஃபிள் வாங்கியது அவள்தான்.
அவனால் மெல்ல முடியவில்லை,
ஜாமை மட்டும் வழித்துத் தின்றான்.

பிறகு மஞ்சள் விளக்கு சுழல
பனி தள்ளும் லாரி வந்தது.
கட்டையைத் தூக்கினார்கள்.
லாரிக்குப் பின்னால் முதல் கார் அவளுடையது.
வெள்ளைக்குள் வெள்ளையாய், மணிக்கு முப்பதில்.
ஹீட்டரைக் குறைக்கலாமா என்று நினைத்தாள்,
அவன் கன்னத்தைப் பார்த்தாள்,
குறைக்கவில்லை.

கண்ணாடியில் பின்னால் வரும் விளக்குகள்.
சோடி சோடியாக
ஒன்றின் வாலை ஒன்று பிடித்து வந்தன.
தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தாள்.
ஒன்பது, பத்து,
வளைவில் பதின்மூன்று,
அதற்குள் ஒரு காற்று குறுக்கே வந்து
எல்லாவற்றையும் அழித்தது.

பக்கத்தில் காகிதக் கோடீஸ்வரன்
வாய் திறந்து தூங்கினான்.
சூடான சீட்டில் உடம்பு சாய்ந்திருந்தது.
பேட்டரி அறுபத்தொன்று.
முன்னால் லாரியின் மஞ்சள் ஒளி
ஒரு நொடி மறைந்தது.
அவள் காலைத் தளர்த்தினாள்.
மறுபடி தெரிந்ததும் மெல்ல அழுத்தினாள்.