எட்டாவது கீறல்

ஔலு நகரில் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்துவிட்டது.
துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டிவிட்டு வந்த சைமி
கையுறையைக் கழற்றி விரல்களை ஹீட்டரில் காட்டி
சமையல் மேசைமேல் ஒரு படைப்பிரிவைக் கொட்டுகிறாள்.
முப்பத்தாறு ஈயச் சிப்பாய்கள்.
கட்டைவிரலின் மேற்கணு உயரம்.
எல்லோர் மேலும் ஒரே நீலம்,
ஆறிப்போன பாயசத்தில் ஆடை படிந்ததுபோல.
மூக்கு எங்கே முடிகிறது, மீசை எங்கே தொடங்குகிறது
என்பது அவர்களுக்கே தெரியாது.

விற்றவன் பெயர் யூஸோ.
கேமி போகும் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையம்;
பின்னிருக்கையில் இரட்டைப் பிள்ளைகள்
ஒன்று ஓய்ந்தால் ஒன்று அழ,
ஜன்னல் வழியே ஷூ டப்பாவை நீட்டினான்.
"நாற்பது யூரோ. எண்ணிப் பார்த்துக்கோ,
எனக்கு எண்ண நேரமில்லை."

ஊறுகாய் ஜாடியில் கரைப்பான்.
ராத்திரி முழுக்க ஊறியவர்களை
பழைய பல்துலக்கியால் தேய்க்கிறாள்.
நீலத்துக்கு அடியில் சிவப்பு.
சிவப்புக்கு அடியில் இன்னொரு நீலம், கொஞ்சம் நல்ல நீலம்.
கட்சி தாவியிருக்கிறார்கள், இரண்டு தடவை,
தொப்பியைக்கூட மாற்றாமல்.

கடைசியில் முரசுக்காரன்.
அடித்தட்டைத் திருப்பினால்
கத்தி முனையில் கீறிய கோடுகள், ஏழு.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
மறுபடியும் முதல் சுற்றிலேயே.

சிரித்துவிட்டாள்.
ஜாடிக்கு மேலே பிடித்த கை மட்டும் இறங்கவில்லை.
ஏழு முறை செத்தவனுக்கு
நகத்தளவில் ஒரு நடுகல்,
அதன்மேல் அவனே ஏறி நின்று
முரசடித்துக்கொண்டிருக்கிறான்.

மற்ற முப்பத்தைந்து பேருக்கும் புது உயிர்.
கறுப்பு பிரைமர். ஈரப் பஞ்சின்மேல் பேக்கிங் தாள் விரித்த
தட்டில், சாம்பல் கலந்த நீலம், தண்ணீராய், மூன்று பூச்சு.
கோவில் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள்;
இவள் முதலிலேயே வைத்துவிடுகிறாள்,
மூச்சை அடக்கி, இரண்டு மயிர்த் தூரிகையால்.
பிசகினால் முகத்தோடு அழித்துவிடலாம்.
ஒருவனுக்கு மாறுகண் விழுந்தது. இருக்கட்டும்,
அவனும் குறிபார்த்துச் சுடப்போவதில்லை.

கால்களுக்கு அடியில் நல்லிகாரிக் கடற்கரை மணல்.
பிர்ச் மரத்துக் காய்க்கதிரை உள்ளங்கையில் நசுக்கினால்
உதிர்வதெல்லாம் அந்த உயரத்துக்கு உதிர்ந்த இலைகள்.
பிறகு சமையல் சோடாவும் பசையும் குழைத்துப் பனி.
ஜன்னலுக்கு வெளியே
அது இலவசமாய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

முரசுக்காரன் மட்டும் அதே தடித்த நீலத்தில்,
ஜலதோஷம் பிடித்த முகத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை இல்போ வந்தான்,
மருந்துக்கடைக்காரன், பீரங்கிப் பித்தன்.
"முரசை ஏன் காட்டுக்குள்ளே ஒளிச்சு வச்சிருக்கே?"
"அவன் பாடு அவனுக்கு," என்றாள்.
முதல் சுற்றில் கொடிக்காரன் விழுந்தான்,
மாறுகண்ணன் விழுந்தான்.
இரண்டாம் சுற்றில் ஒரு குண்டு
தரையில் பட்டு எம்பி
பனியைத் தாண்டி, பிர்ச் மரத்தைத் தாண்டி,
அளவு நாடாவை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தாள்;
இல்போ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு,
"வேணும்னா விட்டுடலாம்."
"வேண்டாம்," என்று அவளே கையால் சாய்த்தாள்.

ராத்திரி கத்தியை எடுத்து
எட்டாவது கோட்டைக் கீறினாள்.
ஒரு படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல்,
யூஸோவுக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்குப் பதில்.
தூங்காத வீடு போலும்.
"பீரங்கியா?"
"ஆமா."
"முதல் சுற்றா?"
"இரண்டாவது."

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
ஏதோ ஒரு பிள்ளை அழுதிருக்கும்.
பிறகு, ஒற்றைக் கையால் தட்டிய பிழையோடு:
"பராவயில்லையே."