ஐந்து சென்டிமீட்டர்

ஈரோட்டு மைதானத்தில்
சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
சும்மா நின்றால் எண்பத்தொன்று.
மூச்சை இழுத்து நிறுத்தினால் எண்பத்தாறு.
டேப் பிடித்தவர்
"உட்றாத, உட்றாத" என்றார்
எழுதி முடிக்கிற வரைக்கும்.
இன்னும் விடவில்லை என்றுதான்
சில ராத்திரிகளில் தோன்றுகிறது.

கயிறும் ஏறினேன்.
உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியைத் தொட்டுவிட்டு இறங்கினேன்.
வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது,
இந்தச் சீமையில் கயிறெல்லாம்
கீழேதான் போகும்.
நூறடிக் கிணறு. பாறை. பொட்டுத் தண்ணீரில்லை.
அடியில் நின்ற எருமைக்கன்று
என்னைப் பார்த்து
இரண்டு எட்டு பின்வாங்கியது.
அதற்குப் பயிற்சியில் பாடம் கிடையாது.

முதல் வருசம் நான் அணைத்த தீ மூன்று:
ஒரு சோளத்தட்டுப் போர்,
கிளுவை வேலியோடு ஒரு கொறங்காடு,
காங்கேயத்தில் ஒரு புரோட்டாக் கடை.
மிச்சமெல்லாம்
ஷூவுக்குள் நாகம்,
செல்போன் கோபுரத்தில் தேன்கூடு,
உள்தாழ் போட்டுக்கொண்டு
வெளியே வர மறுத்த இரண்டு வயசு,
குடத்துக்குள் தலை மாட்டிக்கொண்டு
ஊரெல்லாம் ஓடிய நாய்.

பெண் பார்க்கப் போன இடத்தில்
"போலீசுங்களா?" என்றார்கள்.
இல்லைங்க என்றேன்.
தரகர் குறுக்கே பாய்ந்து
"கவர்மெண்டுங்க, கவர்மெண்டு."
எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் உண்டா,
எல்லாம் கேட்டு முடித்த பிறகு
பெண்ணின் அம்மா கேட்டார்:
"தீப் புடிக்காத அன்னைக்கு
என்னுங்க பண்ணுவீங்க?"
ஹோஸ் காயப்போடுவோமுங்க.
சுருட்டி வைப்போம்.
டேங்க் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்போம்.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடியும் பார்ப்போம்.
அந்த இடம் அமையவில்லை.
ஆனாலும் நல்ல கேள்வி.

போன மாசியில்
வெள்ளகோவில் தாண்டி ஒரு ஓ.இ. மில்.
கழிவுப் பஞ்சு குடோன்.
பஞ்சு சத்தம் போடாது.
சுவாலை கூரையைத் தின்றுவிட்டுப் போய்,
படம் பிடித்தவர்களும் போன பிறகுதான்
பொதிக்குள் அதன் குடித்தனம் ஆரம்பம்.
பட்டையை வெட்டிக் கொக்கியால் பிரித்தால்
அத்தனை வெள்ளைக்கும் நடுவே
மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு.
நனை. புரட்டு. அடுத்ததைப் பிரி.
நானூறு பொதிகள்.
வாய்க்காலுக்கும் மில்லுக்கும்
டிரைவர் சிக்கந்தர் எத்தனை நடை போனார் என்று
அவருக்கே கணக்கில்லை.
கேட்டருகே நாற்காலியில் முதலாளி,
போனில், இன்சூரன்சுக்கு
அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப.

மூன்று மணி இருக்கும்.
தோளில் ஹோஸின் பாரம் திடீரென்று குறைந்தது.
திரும்பினேன்.
எனக்குப் பின்னால் ஒடிசாப் பையன் ஒருவன்
லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு
ஹோஸைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.
பெயர் சுதாம்.
யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.
குடோனை ஒட்டிய தகர அறை அவனுடையது,
பெட்டியும் போச்சு என்பதை
வாட்ச்மேன் காலையில்தான் சொன்னார்.

டீ வந்தது.
டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டான்:
"அண்ணா, இந்த வேல எப்டி கெடைக்கும்?"
பத்தாம் வகுப்பு. தமிழ்ப் பரீட்சை.
இருப்பிடச் சான்று.
நாக்கு நுனிவரை வந்த வரிசையை
டீயோடு விழுங்கினேன்.
"எந்திரிச்சு நில்லு" என்றேன்.
டேப் இல்லாததால்
என் இரண்டு கையையும் அவன் விலாவில் வைத்து
"மூச்ச இழு."
இழுத்தான்.
விரல்கள் கொஞ்சம் விலகின.
நாலா, நாலரையா?
அதற்குள் ராத்திரி குடித்த பஞ்சுப் புகையெல்லாம்
அவனை உலுக்கி எடுத்தது.
அவன் இருமியதைப் பார்த்து
எனக்கும் வந்துவிட்டது.
இருவரும் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு
கண்ணில் நீர் வழிய இருமினோம்.
சிரிக்கிறோம் என்று நினைத்து
சிக்கந்தர் அண்ணனும் சிரித்தார்.

வண்டியில் வயர்லெஸ் கரகரத்தது.
ஊதியூர்ப் பக்கம், தோட்டத்துச் சாளை,
கிணற்றுக்குள் மாடு.
கயிற்றை எடுத்துத் தோளில் போட்டேன்.
சுதாம் கொக்கியை எடுத்துக்கொண்டு
பொதிகளின் பக்கம் போனான்.
இன்னும் முப்பதோ நாற்பதோ
பிரிக்காமல் கிடந்தன.