மூன்றாவது கட்டம்

மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
போட்டோக்கொப்பிக் கடையின் உள்ளறை.
சனிக்கிழமை. ஒரு மேசை. ஆறு விண்ணப்பம்.
கரண்ட் போனால் கதவைத் திறந்து வைக்க வேணும்.

படிவத்தில் மூன்று கட்டம்.
நீர் கற்ற பாடம்.
இங்கே அதற்குச் சமமான பாடம்.
மூன்றாவது குழுவின் முடிவு,
அதில் பேனை வைக்கக் கூடாது.

தட்சாகரன் முதல் கட்டத்தில்
'ஆய்வுகூடத் துப்புரவும் தொற்றுநீக்கலும்' எண்டு எழுதிப்போட்டு
என்னைப் பார்க்கிறான்.
"இது எதுக்குச் சமன் அக்கா?"
நுண்ணுயிரியல்.
"துப்புரவு எண்டெல்லோ கிடக்கு."
எழுதடா.

எனக்கு இருபத்தைந்து.
இவனுக்கு இருபத்திரண்டு.
மூன்று வருஷத்துக்கு முன் இதே படிவத்தில்
பதினெட்டு கிரெடிட் கேட்டேன், நாலு தந்தார்கள்.
மிச்சம் பதினாலையும் இன்னொருக்கா படித்தேன்,
முதன்முதல் கேட்கிறவள் மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு.

சொல்லுகள்தான் முதலில் இடறும்.
ஏ.எல்லில் நாங்கள் கலம் எண்டு படித்தது
கம்பஸில் செல்.
இழைமணி மைட்டோகொண்ட்ரியா.
நுணுக்குக்காட்டி மைக்ரஸ்கோப்.
பொருள் ஒண்டுதான்.
ஆனால் கேள்வி ஒரு மொழியில் இருந்து மற்றதுக்குக் கிறுகி வர
ஸ்லைட் மாறிவிடும்,
அரைவாசி தூக்கின கையால் தலைமயிரை ஒதுக்கிவிட்டு
இருந்துவிட வேண்டியதுதான்.
"கலம் எண்டால் தோணியும்தானே" எண்டாள் சிஃபானா.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
அவளும் சிரிக்கச் சொல்லவில்லை.
செய்முறை வகுப்பு ஆறு மணிக்கு முடிந்தால்
ஓட்டமாவடிக்குக் கடைசி பஸ் எத்தனைக்கு
எண்டு போனில் தேடிக்கொண்டிருந்தாள்.

இந்த மாறிப் போகிற படிப்புக்குப்
பாலக் கற்கை எண்டு பேர் வைத்திருக்கிறார்கள்.
படுவான்கரையில் இருந்து வலையிறவுப் பாலத்தால் வாறவனுக்கு
பாலத்தைப் பற்றி நல்லதாய் நாலு வார்த்தை சொல்ல நினைத்தேன்,
அது எவரிடமும் ஒண்டும் கேட்காது எண்டு.
மறுகாதான் நினைவு வந்தது:
அவனுடைய அப்பாவிடம் அது ஒரு காலம்
அடையாள அட்டை கேட்டது.
சொல்லவில்லை.

இணைப்புக் கடிதம் நான் எழுதினேன்.
இவர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஆறு மாதம் இருந்தவர்.
டெங்குக் காலம். மெஷின் பழுது.
ஒரு பகலில் தொண்ணூறு பேரின்
குருதிச் சிறுதட்டுக்களைக் கண்ணால் எண்ணினவர்.
எண்ணினது சரி. நாங்கள் கேட்கிறது
அது எதுக்காவது சமனா எண்டுதான்.
கடைசி வரி சண்டைக்குப் போகிற மாதிரி இருக்குது எண்டு வெட்டினேன்.
தபால் கந்தோர் வாசலில் நிண்டு
பேனையால் திரும்ப எழுதினேன்.

கார்த்திகை மழைக்குள் பதில் வந்தது.
நாலு பேருக்கு இடம்.
ஒருத்தன் அதுக்கு முதலே கட்டாருக்குப் போய்விட்டான்.
ஒருத்திக்கு 'ஆவணம் போதாது', எந்த ஆவணம் எண்டு இல்லை.
தட்சாகரனுக்குப் பதினொண்டு கிரெடிட்.
துப்புரவு நுண்ணுயிரியல் ஆகவில்லை,
அதுக்கு நேரே சின்னதாய் ஒரு கோடு.
சிஃபானாவுக்கும் இடம் இருக்குது.
என்ட அறையில் இன்னொரு கட்டில் போடலாம் எண்டு சொன்னேன்.
உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் எண்டாள்.
பதிவுக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம்.

திங்கள் மத்தியானம் அவன் கோல் எடுத்தான்.
பின்னால் குழாய்த் தண்ணி விழுகிற சத்தம்.
"அக்கா, இங்க மைக்ரஸ்கோப்புக்குள்ளேயே லைட் கிடக்கு.
நான் கண்ணாடியைத் தேடி
அடியில தடவிக்கொண்டு நிண்டனான்,
ஜன்னல் பக்கம் திருப்ப.
பக்கத்தில இருந்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான்."

சிரித்தானா எண்டு கேட்டேன்.

"இல்ல. கண்ணாடியால எப்பிடிப் பார்க்கிற எண்டு
கேட்டான்."