பூட்ட வேண்டாம்

சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்:
வண்டியைப் பூட்டாதீர்கள்.
கண்ணாடியை இறக்கியே வையுங்கள்.
உள்ளே ஒன்றும் வேண்டாம், காலிப் பைகூட.
காலி என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

சிரிப்பார்கள்.
பொனேர் இத்துனூண்டு தீவு,
திருடிவிட்டு எங்கே ஓடுவான் என்பார்கள்.
அவன் ஓடுவதில்லை.
மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான்.

கரையோரச் சாலை நெடுக மஞ்சள் பூசிய கற்கள்,
ஒவ்வொன்றிலும் முங்குமிடத்தின் பெயர்.
கல்லருகே வெள்ளைப் பிக்கப் நின்றால்
ஆட்கள் தண்ணீருக்குள் என்று அர்த்தம்.
ஒரு சிலிண்டர் காற்று, ஐம்பது நிமிடம்.
கடலில் கால் நனைக்காதவனுக்கும் தெரிந்த கணக்கு.

வீபேயும் யோரீனும் பூட்டினார்கள்.
போதாதென்று இருக்கைக்கு அடியில் ஒளித்தும் வைத்தார்கள்.
இந்தத் தீவில் எல்லோரும்
முதலில் திறந்து பார்க்கும் அலமாரி அது.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில்
ஓர் ஆமையின் பின்னால்,
அது திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று
மூச்சைக்கூட மெல்ல விட்டபடி
அவர்கள் போய்க்கொண்டிருந்தபோது
மேலே ஒரு கல் உயர்ந்தது.
சத்தம் தண்ணீருக்குள் இறங்கவில்லை.
கள்ளிவேலி ஓரம் நின்ற கழுதை மட்டும்
காதைத் திருப்பியிருக்கும்.

நனைந்த உடையோடு என் மேசை முன் நின்றார்கள்.
தரையில் இரண்டு குட்டை.
படிவத்தை நீட்டினேன், வீபே சொல்லச் சொல்ல
யோரீன் எழுதினாள்.
நாற்பது டாலர்.
ஒரு துவாலை. பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.
செருப்பு, இடது கால் மட்டும்.
(ஏன் இடது மட்டும்? மூன்று முறை என்னைக் கேட்டாள்.
எனக்கு எப்படித் தெரியும்.)
வாசிக்கும் கண்ணாடி, காம்பு உடைந்தது,
நீலத் தூண்டில் நரம்பால் சுற்றிக் கட்டியது.
பார்த்த மீன்களை எழுதிவந்த நோட்டு.
பதினோரு வருஷத்து மீன்கள் என்றார் வீபே.
மதிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும்
அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போலீஸ்காரர் ஒரே கேள்வி கேட்டார்:
பூட்டியிருந்தீர்களா?
ஆமாம்.
அதுதான், என்றார்.

கதவுக் கண்ணாடி நூற்றெண்பது டாலர்.
காப்பீட்டில் வராது.
படிவத்தின் பின்பக்கம், ஏழாவது வரி, எறும்பு எழுத்து.
அந்த வரியைக் காட்டும்போது
நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
இந்த வருஷம் இது பதினான்காவது முகம்.

புதிய கண்ணாடி மாட்ட ஷுர்வின் வந்தான்.
ரின்கோனிலிருந்து எப்போதும் அவன்தான் வருகிறான்.
உறைமேல் இருந்த எண்ணைப் படிக்க
சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தான்.
காம்பில் நீல நரம்பு.

எங்கே வாங்கினாய்?
மூன்று டாலர், என்றான்.
யாரிடம்?
மரெல்வா, என்றான், எண்ணைப் படித்தபடியே,
கண்ணாடி மாட்டும்போது பேச்சுக் கொடுக்காதே.

அவனுக்கு நாலு பிள்ளைகள்.
பூட்டிய வண்டி ஒவ்வொன்றும் அவனுக்கு ஒரு நாள் கூலி.
அதை நினைத்தேன்.
அதற்குமேல் நினைக்காமல் இருக்க
விளக்குமாறு எடுத்துப் போய்
வண்டியின் தரையைக் கூட்டினேன்.
நொறுங்கிய சில்லுகள் உப்புக்கல் போல உருண்டன.
பின்தட்டில் வலது செருப்பு கிடந்தது.

ஐந்து டாலர் கொடுத்து வாங்கிவிட்டேன்.
இரண்டு டாலர் லாபம், அவன் மறுக்கவில்லை.
அதற்குள் அவர்கள் விமானம் ஏறியிருந்தார்கள்.
முகவரி இருக்கிறது.
அனுப்பினால் ஒரு வரி எழுத வேண்டும்:
எங்கே கிடைத்தது என்று.

மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
நேற்று ஆளில்லாத நேரம் போட்டுப் பார்த்தேன்.
ஏழாவது வரி
பளிச்சென்று தெரிந்தது.

வாசலில் டாக்சி நின்றது.
மூன்று பேர், ஆறு பை, புதுத் துடுப்புகள்.
கழற்றி உள்ளே போட்டு
இழுப்பறையைப் பூட்டினேன்.
பிறகு அவர்களிடம் சொன்னேன்,
வண்டியைப் பூட்டாதீர்கள்.