மூடியைத் திறக்காதே

பெட்டியில் போட்டிருந்தது:
திறக்கும் ஒவ்வொரு தடவைக்கும்
அரை மணித்தியாலம் கூடும்.

அடியில் வெங்காயம். அதன்மேல்
தெமட்டகொடையில் ஃபஸ்மினா வாங்கித் தந்த மாட்டிறைச்சி,
கொத்தி, சீரகத்தில் புரட்டியது.
சோளரொட்டிக்கு எங்கே போக?
சந்திக் கடையின் கோதம்பா ரொட்டி நாலு,
பானைக்குள் அடங்காமல் ஓரம் மடிந்தன.
சிவப்பு பீன்சுக்குக் கௌபி.
தக்காளி, கொச்சிக்காய், மறுபடி இறைச்சி.
சீஸ் மட்டும் சீஸ்தான்;
விலையை நினைத்து நினைத்துத் துருவினேன்.

ஏழு மணிக்குக் குறைந்த சூட்டில் விட்டு
வேலைக்கு ஓடினேன்.
மறந்தது ஒன்று:
ஆறுதலாய் வேகிற பானை
ஆறுதலாய்த்தான் மணக்கும்,
பகல் முழுக்க.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது வரி: மாடு கூடாது.
பின்னேரம் படியேற
இரண்டாம் மாடியிலேயே சீரகம்.
என் கதவடியில் வீட்டுக்காரர் சபாநடேசன்,
நெற்றியில் திருநீறு, கையில் தண்ணீர்ப் பில்.

"என்ன பிள்ளை அவியுது?"
"மெக்சிக்கோச் சாப்பாடு, ஐயா."

மூக்கு ஒருக்கால் உயர்ந்தது.
கடற்கரைப் பக்கம் ரயில்
போய் முடியுமட்டும் நின்றார்.
"அங்கையும் சரியான வெயிலாம்."
பில்லைத் தந்துவிட்டு ஏறிப் போனார்.

உள்ளே,
யன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று
கரண்டியோடு நிற்கிறேன்.
மூடி இன்னும் மூடியபடி.