ஒரு சிட்டிகை

ரூவி கோயிலில், வெள்ளிக்கிழமை இரண்டாம் பூசைக்கு முன்,
ஆயர் அரிஸ்தோனாரின் சரித்திரத்தை
நான்தான் வாசிக்க வேண்டும்.
ஒன்றரைப் பக்கம். பொடி எழுத்து.
ஜெராக்ஸ் இயந்திரம்
கடைசியில் ஒரு வரியைத் தின்றிருக்கிறது.

முதலில் அவரை யாரும் அடிக்கவில்லை.
நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.
ஆளுநர் நரைக்கு மரியாதை தெரிந்தவர்.
"உங்கள் தெய்வத்தை விடச் சொன்னேனா, பெரியவரே?
ஒரு சிட்டிகைச் சாம்பிராணி.
தணலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.
போட்டதாகச் சீட்டு எழுதித் தர ஆள் இருக்கிறது."

அந்தச் சாம்பிராணி
இந்தக் கரையிலிருந்துதான் போயிருக்கும்.
தோஃபார் பக்கம் மரத்தைக் கீறி,
வடிந்த பாலை வெயிலில் இறுகவிட்டு,
ஒட்டகத்தில், கப்பலில், மறுபடி ஒட்டகத்தில்.
மத்ரா சந்தையில் இன்றைக்கும் குவித்து வைத்து விற்கிறார்கள்.
பச்சை ஓடியது உசத்தி, மஞ்சள் மட்டம்.
ஆயர் மறுத்தது எந்த ரகம் என்று
தாளில் இல்லை.

நான் கம்பெனியில் டைம்கீப்பர்.
நானூற்றுப் பன்னிரண்டு பேரின் விரல்ரேகை
என் கம்ப்யூட்டரில்தான் வந்து விழும்.
ஜூலையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரைவரை
வெயிலில் யாரும் நிற்கக் கூடாது. சட்டம்.
பூவலிங்கம் சாரத்திலிருந்து விழுந்தபோது
மணி 13:20.

எனக்கும் நாற்காலி போட்டார்கள்.
குளிர்ந்த லபான் ஒரு டப்பா, ஸ்ட்ரா குத்தியே கொடுத்தார்கள்.
லபான் என்றால் மோர்; லுபான் என்றால் சாம்பிராணி.
நடுவே ஓர் உகரம்.
"பொய்க்கணக்கா எழுதச் சொல்கிறேன்?
மூன்றை இரண்டாக்கு. அவ்வளவுதான்.
வீட்டுக்குப் போக வேண்டிய பணம் எப்படியும் போகும்."
விசைப்பலகையில் மூன்றுக்குப் பக்கத்து வீடுதான் இரண்டு.
தட்டினால் சத்தம்கூட வராது.

ஆயர் மாட்டேன் என்றார்.
அதற்குப் பிறகானது தாளில் விலாவாரியாக இருக்கிறது:
செப்புச் சுரங்கம்,
ஓடாதிருக்க அறுத்த இடதுகால் நரம்பு,
நெற்றியில் குத்திய எண்,
தன் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தே
நான்காம் மாதம் குழிக்குள் முடிந்தது.
இந்த இடத்தில் பின்வரிசையில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள்.

எனக்குத் தொண்டை அடைப்பது அங்கே அல்ல.
அதற்கும் கீழே, ஓரமாக ஒரு வாக்கியம்:
'அன்று ஆயருக்குப் பின்னால் நின்ற
அவருடைய ஆலய வாசகன் தீமோன்
சாம்பிராணி போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு'

அத்தோடு தாள் முடிகிறது.

வாங்கிக்கொண்டு?
வீட்டுக்குப் போயிருப்பான். ஆட்டுக்குத் தழை வெட்டியிருப்பான்.
சாப்பிட உட்கார்ந்தபோது
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் முகர்ந்திருப்பான்.
மணம் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதுதான் கொடுமை.
வயது ஏறிச் செத்திருப்பான்.
அவனுக்குத் திருநாள் கிடையாது.

வாசித்தேன். தீமோனை விட்டுவிட நினைத்தேன்,
வாய் விடவில்லை.
'வாங்கிக்கொண்டு' என்றதும் நின்றுவிட்டேன்.
மைக் போய்விட்டதென்று
பாடகர் குழுப் பையன் வயரை ஆட்டிப் பார்த்தான்.

பூசை முடிந்து வாசலில்,
பூவலிங்கத்தின் மச்சான் தங்கக்கனி, நிஸ்வாவிலிருந்து வந்திருந்தவன்,
என் கையைப் பிடித்துக்கொண்டான்.
"நல்லா வாசிச்சீங்கண்ணே.
அந்த வாசகர் கடைசில என்ன ஆனாராம்?"

தாளில் இல்லை என்றேன்.

அவன் இன்னும் கையை விடவில்லை.